குலுக்கை முதல் பேட்டரி வரை: மனிதன் ஆற்றலைச் சேமித்த வரலாறு

ஆனி, ஆடி மாதங்களில் செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று நம் பகுதியில் இரவு பகல் பாராமல் வீசும். தென்காசி, கயத்தாறு பக்கம் காற்றாலைகள் ஓயாமல் சுற்றும். அதே காற்றாலைகள் ஐப்பசி, கார்த்திகையில் பல நாட்கள் அசையாமல் நிற்பதையும் பார்த்திருப்போம். ஆனால் இராஜபாளையத்து நூற்பாலைக்கும், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்கும், நம் வீட்டு மின்விசிறிக்கும் பன்னிரண்டு மாதமும் மின்சாரம் வேண்டும்.

கிடைக்கும் நேரமும் தேவைப்படும் நேரமும் ஒன்றாக இருப்பதில்லை என்பதுதான் ஆற்றல் விஷயத்தில் மனிதனுக்கு ஆதி முதல் இருக்கும் சிக்கல். இந்த இடைவெளியை நிரப்ப அவன் கண்ட வழிகளின் வரலாறே ஆற்றல் சேமிப்பின் வரலாறு. ஆற்றலை மனிதன் படைப்பதில்லை. அல்லாஹ் வெயிலாகவும் காற்றாகவும் மழையாகவும் தருவதை ஒரு வடிவத்திலிருந்து இன்னொரு வடிவத்துக்கு மாற்றி வைத்துக்கொள்கிறான். அப்படி மாற்றும்போதெல்லாம் ஒரு பங்கு வெப்பமாக வீணாகிறது. எதைச் சேமிப்பது, எவ்வளவு நாள் சேமிப்பது, எவ்வளவு இழப்பைத் தாங்கிக்கொள்வது என்ற மூன்று கேள்விகளும் நம் பாட்டிமார் காலத்துக் குலுக்கைக்கும் பொருந்தும், இன்றைய லித்தியம் பேட்டரிக்கும் பொருந்தும்.

தானியமே முதல் சேமிப்பு

உணவும் ஆற்றல்தான். செடி வெயிலை வாங்கி மணியாகக் கட்டி வைக்கிறது. ஒரு கிலோ அரிசியில் ஏறத்தாழ 3,500 கிலோ கலோரி இருக்கிறது. மின்சாரக் கணக்கில் சொன்னால் அது சுமார் 4 யூனிட்.

இந்தச் சேமிப்பைப் பற்றிய மிகத் தெளிவான திட்டத்தை திருக்குர்ஆனின் யூசுஃப் அத்தியாயத்தில் (12:47-49) காண்கிறோம். மன்னர் கண்ட கனவுக்கு விளக்கம் சொன்ன யூசுஃப் (அலை) அவர்கள், ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பயிரிடுமாறும், உண்பதற்கான சிறு அளவைத் தவிர, அறுத்ததைக் கதிரிலேயே விட்டு வைக்குமாறும் சொன்னார்கள். அடுத்து வரும் ஏழு கடுமையான ஆண்டுகளுக்கு அது உணவாகும். இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. முதலாவது, கெடாமல் காப்பது. கதிரில் உமியோடு இருக்கும் மணி, உதிர்த்த மணியைவிட ஈரத்தையும் பூச்சியையும் தாங்கும். இரண்டாவது, செழிப்பான ஆண்டிலேயே செலவைக் குறைப்பது. இந்த இரண்டாவது செய்தியை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கட்டுரையின் முடிவில் இதற்குத் திரும்பி வருவோம்.

நம் கரிசல் காட்டு வீடுகளில் கம்பும் சோளமும் கொட்டி வைத்த மண் குலுக்கைகள் இதே வேலையைத்தான் செய்தன. அந்தத் தானியமும் தட்டையும் மனிதரையும் மாட்டையும் நடக்க வைத்தன. பம்புசெட் வரும் முன் கிணற்றில் கமலை இறைத்த மாடுகளுக்கு எரிபொருள் சோளத்தட்டையும் பருத்திக்கொட்டையும்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். கறந்த பால் அந்தக் கால வெயிலில் ஒரு நாள் தாங்காது. விறகு அடுப்பில் சர்க்கரையோடு நீர் வற்றக் கிண்டினால் அதே பாலின் சத்து பல நாள் நிற்கும், வெளியூருக்கும் போகும். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற இந்த இனிப்பு, பால் மிகுதியாகக் கிடைத்த ஊர் அதைக் காத்துக்கொண்ட வழியும்கூட. அதற்குக் கொடுத்த விலை அடுப்பில் எரிந்த விறகு.

பச்சை மரத்தில் இருக்கும் நெருப்பு

பசுமையான மரத்திலிருந்து மனிதனுக்கு நெருப்பு கிடைப்பதை யாசீன் அத்தியாயம் (36:80) நினைவூட்டுகிறது. மரம் பல ஆண்டுகள் வாங்கிய வெயில்தான் அடுப்பில் சில மணி நேரத்தில் வெளியே வருகிறது. காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 யூனிட் வெப்பம் உண்டு.

விறகில் குறைகளும் உண்டு. எடை அதிகம், புகை அதிகம், மழையில் நனையும், செல்லரிக்கும். இதற்கு மனிதன் கண்ட பழைய தீர்வு கரி. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் சீமைக்கருவேல மரத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூடி, காற்றை அளந்து விட்டுப் பல நாள் புகைய வைக்கும் கரிமூட்டங்களை இன்றும் பார்க்கலாம். ஏறத்தாழ 5 கிலோ விறகு போட்டால் ஒரு கிலோ கரி கிடைக்கும். உள்ளே போனது 20 யூனிட், வெளியே வருவது சுமார் 8 யூனிட். பாதிக்கு மேல் போய்விடுகிறது. ஆனாலும் கரி புகையாது, செல்லரிக்காது, தூர ஊருக்கு ஏற்றி அனுப்பச் செலவு குறைவு. ஆற்றலை இழந்து வசதியை வாங்கும் இந்தப் பேரம் எல்லாச் சேமிப்பிலும் உண்டு.

நிலக்கரியும் பெட்ரோலும் இதே வகைதான். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த செடிகளும் நுண்ணுயிர்களும் பூமிக்குள் புதைந்து உருவானவை. பெட்ரோல் ஒரு கிலோவில் 12 யூனிட்டுக்கு மேல் இருக்கிறது. 14.2 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரில் ஏறத்தாழ 180 யூனிட் வெப்பம் அடங்கியிருக்கிறது. இவ்வளவு சிறிய இடத்தில் இவ்வளவு ஆற்றலை அடக்கி, ஆண்டுக்கணக்கில் இழப்பில்லாமல் வைக்கக்கூடியது வேறு எதுவும் சாதாரண வீட்டில் இல்லை. அதனால்தான் உலகம் இவற்றை விட முடியாமல் தவிக்கிறது. ஆனால் இது மீண்டும் நிரம்பாத குலுக்கை. எரித்தால் வரும் கரியமில வாயு பூமியைச் சூடாக்குகிறது.

காற்றை மாவாக்கியவர்கள்

காற்றைப் பிடித்து வைக்க முடியாது. அதன் வேலையைப் பிடித்து வைக்கலாம். ஈரானின் சீஸ்தான் பகுதி மக்கள் இதை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே செய்து காட்டினார்கள். அங்கே காற்றாலைகள் இருந்ததை 10ஆம் நூற்றாண்டு முஸ்லிம் புவியியலாளர் அல்-இஸ்தக்ரி பதிவு செய்திருக்கிறார். செங்குத்தான அச்சில் சுற்றும் அந்த வகை ஆலைகள் குராசான் பகுதியின் நஷ்திஃபான் ஊரில் இன்றும் நிற்கின்றன. காற்று வீசும் மாதங்களில் தானியத்தை அரைத்து மாவாக வைத்துக்கொண்டால், காற்று நின்ற பிறகும் அதன் உழைப்பு வீட்டில் இருக்கும்.

1206இல் தன் பொறியியல் நூலை முடித்த அல்-ஜஸரீ தண்ணீரை அப்படிப் பயன்படுத்தினார். அவருடைய பெரிய கடிகாரத்தில் உயரத் தொட்டியில் நிரப்பிய நீர் சீராக இறங்க இறங்க மிதவை தாழ்ந்து, கயிறும் உருளையும் பொம்மைகளை உரிய நேரத்தில் அசைக்கும். ஒருமுறை நிரப்பிய தண்ணீரின் உயரமே அந்த இயந்திரத்துக்குச் சாவி.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பக்தாத் அருகே கிடைத்த, செம்புக் குழாயும் இரும்புக் கம்பியும் கொண்ட பழைய மண் ஜாடியை, உலகின் முதல் பேட்டரி என்று வாட்ஸ்அப்பில் பரப்புகிறார்கள். அதை மின்சாரத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு நம்பகமான சான்று இல்லை. முன்னோரின் பெருமைக்கு உறுதியான சான்றுகள் நிறைய இருக்கும்போது இது தேவையில்லை.

தண்ணீரை உயரத்தில் வைத்தல்

அல்-ஜஸரீயின் தொட்டி நம் பள்ளிவாசல் மாடியிலும் இருக்கிறது. மின்சாரம் இருக்கும்போது மோட்டார் போட்டு மேலே ஏற்றிய தண்ணீர், மின்தடை நேரத்திலும் ஒளு செய்யும் குழாயில் தானாக வருகிறது. நாம் தண்ணீரைச் சேமித்ததாக மட்டும் நினைக்கிறோம். உண்மையில் மோட்டாரின் உழைப்பையும் சேர்த்துத்தான் சேமித்திருக்கிறோம்.

ஆனால் உயரத்தில் இருக்கும் நீரில் அடங்கும் ஆற்றல் மிகக் குறைவு. 1,000 லிட்டர் தண்ணீரை 10 மீட்டர் உயர்த்தி வைத்தால் அதில் எவ்வளவு இருக்கும்? கணக்குப் போட்டால் கிடைப்பது 0.027 யூனிட், அதாவது ஏறத்தாழ முப்பத்தேழில் ஒரு பங்கு. ஒரு யூனிட் சேமிக்க 1,000 லிட்டரை 367 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். ஆகவே மலையும் பெரிய அணையும் இருந்தால்தான் இந்த முறை பலன் தரும்.

தமிழ்நாட்டில் அவை இருந்தன. நீலகிரியில் பைக்காரா (1932), பிறகு மேட்டூர் (1937), தாமிரபரணியில் பாபநாசம் (1944) என்று நீர்மின் நிலையங்கள் வந்தன. பி.ஏ.சி. இராமசாமி ராஜா 1936இல் தொடங்கிய இராஜபாளையம் மில்ஸ் போன்ற ஆலைகள் தென்மாவட்டங்களில் வளர்ந்ததும் இதே காலகட்டத்தில்தான். மழைக்காலத்து நீரை மலையிலேயே தேக்கி, ஆலைக்கு வேண்டிய நேரத்தில் திறப்பது மழையைச் சேமித்து மின்சாரமாக எடுப்பதற்குச் சமம்.

அடுத்த படி, இறங்கிய தண்ணீரை மறுபடி மேலே ஏற்றுவது. ஆனைமலையில் உள்ள காடம்பாறை நிலையம் இதைத்தான் செய்கிறது. 1987 முதல் படிப்படியாக இயக்கத்துக்கு வந்த இந்த நிலையம் மலைக்குள் குடைந்து கட்டப்பட்டது. 100 மெகாவாட் வீதம் நான்கு இயந்திரங்கள். மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் மேல் ஆழியாறு அணையிலிருந்து நீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றுகிறார்கள். மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது அதே நீரை இறக்கி மின்சாரம் எடுக்கிறார்கள். இம்முறையில் ஏற்றச் செலவழித்த ஒவ்வொரு 100 யூனிட்டுக்கும் சுமார் 70 முதல் 80 யூனிட் திரும்பக் கிடைக்கும். முழுத் திறனில் ஒரு மணி நேரம் ஓடினால் 4 லட்சம் யூனிட். வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளில் இதைச் சேமிக்க வேண்டுமானால் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பேட்டரிகள் தேவைப்படும்.

ஆடியில் போட்டு தையில் எடுப்பது

1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைப் பண்ணை முயற்சி வளர்ந்து, இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. இதில் பெரும் பங்கு நூற்பாலைகள் தங்கள் தேவைக்காக நிறுவியவை. இராஜபாளையத்து ஆலைகளும் இதில் அடங்கும்.

ஆடியில் ஆலைக்குத் தேவைப்படுவதைவிட அதிகமாக மின்சாரம் வரும். அதை மின்வாரியத்தின் கணக்கில் வரவு வைத்து, காற்றில்லாத மாதங்களில் திரும்ப எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு 'பேங்கிங்' என்று பெயர். ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு கணக்கு. வாரியம் ஒரு சிறு பங்கைக் கழித்துக்கொள்ளும்.

இங்கே கவனிக்க வேண்டியது, வாரியத்திடம் அந்த மின்சாரத்தை வைத்துக்கொள்ள எந்தக் குலுக்கையும் இல்லை என்பதே. மின்கம்பியில் வந்த மின்சாரம் அந்த நொடியே எங்கோ பயன்பட்டாக வேண்டும். தையில் ஆலைக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிலக்கரியில் எடுத்த மின்சாரம். பெயர்தான் சேமிப்பு, உண்மையில் அது கைமாற்று. வாரியத்துக்கு ஏற்படும் சுமையைக் காரணம் காட்டி 2018க்குப் பிறகு வந்த காற்றாலைகளுக்கு இந்த வசதி குறைக்கப்பட்டது. காற்று மிஞ்சும் நாட்களில் காற்றாலைகளையே நிறுத்தி வைக்கச் சொல்லும் நிலையும் ஏற்படுகிறது.

சேமிப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2012இல் நாம் அனுபவித்தோம். சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. மின்சாரம் நின்றால் தறியும் நிற்கும். நெய்த மீட்டருக்குக் கூலி வாங்கும் தொழிலாளிக்கு அந்த நேரம் வருமானம் இல்லாத நேரம். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுவர்த்தியில் படித்தார்கள். ஆடியில் வாரி இறைத்த காற்றை ஐப்பசிக்கு எடுத்துப்போக வழியில்லாத குறை அப்போது வெட்டவெளிச்சமானது.

பேட்டரி என்ற வேதிக் குலுக்கை

1800இல் இத்தாலியின் வோல்டா, துத்தநாகத் தகடும் செம்புத் தகடும் மாறி மாறி அடுக்கி, இடையில் உப்புநீரில் நனைத்த அட்டை வைத்து முதல் மின்கல அடுக்கை உருவாக்கினார். அது தீர்ந்தால் தீர்ந்ததுதான். 1859இல் பிரான்சின் பிளாண்டே, ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் வைத்து, மறுபடி மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய பேட்டரியைக் கண்டார். நம் வீட்டு இன்வெர்ட்டரில் இருப்பது இன்றும் அதே வகைதான்.

அடுத்த பெரிய மாற்றம் லித்தியம் அயான். 1991இல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வரிசையில் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் ரஷீத் யஸமி. மொராக்கோவின் ஃபெஸ் நகரில் பிறந்தவர். பேட்டரியின் எதிர்முனையில் கிராஃபைட் பயன்படும் என்பதை 1980ஆம் ஆண்டு வாக்கில் ஆய்வில் காட்டியவர். இன்று நம் கைப்பேசியில் இருப்பது பெரும்பாலும் கிராஃபைட் எதிர்முனைதான். 2014இல் பொறியியலுக்கான டிரேப்பர் பரிசு குட்இனஃப், யோஷினோ, நிஷி ஆகியோருடன் இவருக்கும் வழங்கப்பட்டது.

அளவை ஒப்பிட்டால் பேட்டரியின் எல்லை புரியும். ஈய பேட்டரி ஒரு கிலோவில் 0.03 முதல் 0.04 யூனிட் வரையும், லித்தியம் 0.15 முதல் 0.25 யூனிட் வரையும் சேமிக்கும். ஒரு கிலோ விறகின் 4 யூனிட்டுக்கு இவை பக்கத்தில்கூட வரவில்லை. ஆனால் விறகை எரித்துத் திரும்ப விறகாக்க முடியாது. பேட்டரியை ஆயிரக்கணக்கான முறை நிரப்பலாம். நினைத்த நொடியில் எடுக்கலாம்.

நம் வீட்டுக் கணக்கு

150 ஆம்பியர்-மணி, 12 வோல்ட் பேட்டரியில் இருப்பது 1.8 யூனிட். அடிவரை வற்றவிட்டால் பேட்டரியின் ஆயுள் குறையும். இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. கையில் கிடைப்பது சுமார் 1.2 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம்.

75 வாட் மின்விசிறி மூன்றும், 9 வாட் எல்இடி விளக்கு நான்கும் ஓடினால் மொத்தம் ஏறத்தாழ 260 வாட். நான்கரை மணி நேரம் தாங்கும். அதே வீட்டில் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி மாட்டினால் மொத்தம் 126 வாட். அதே பேட்டரி ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஓடும். இரண்டாவது பேட்டரி வாங்காமலேயே சேமிப்பு இரட்டிப்பாகிவிட்டது.

மாடியில் சோலார் வைக்க நினைப்பவர்கள் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். 2024இல் தொடங்கிய மத்திய அரசின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் கிடைக்கிறது. ஆனால் பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு மட்டும் இணைத்த சோலார், மின்தடை வந்தால் உச்சி வெயிலிலும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியரின் உயிர்ப் பாதுகாப்புக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். கட்டணத்தைக் குறைக்க இது போதும். மின்தடைக்கு உதவ வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய அமைப்பு தேவை.

சேமித்த ஆற்றல் எதுவானாலும் தவறான நேரத்தில் வெளிவந்தால் ஆபத்து. சிவகாசியை அருகில் வைத்துக்கொண்டு வாழும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தீக்குச்சியும் பட்டாசும் சேமித்த ஆற்றல்தான். உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரிய விடவேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. அன்று விளக்குத் திரி, இன்று சார்ஜர். ஆகவே:

- மின்சார ஸ்கூட்டரை இரவு முழுதும், அதுவும் வாசலை மறித்து, சார்ஜில் விட வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேறும் வழி அதுதான்.
- உப்பிய கைப்பேசி பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது. தலையணைக்கு அடியில் சார்ஜ் போடக் கூடாது.
- இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள்.
- பழைய ஈய பேட்டரியைக் கடையில் திருப்பிக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்ளுங்கள். தெருவோரம் உடைத்து உருக்குபவர்களிடம் போனால் ஈயம் மண்ணிலும் காற்றிலும் கலந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பை 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள் தயாரிப்பாளர்கள் மீது சுமத்தியுள்ளன.

யூசுஃப் (அலை) அவர்களின் திட்டத்தில் இருந்த இரண்டாவது செய்தியை இப்போது எடுத்துக்கொள்வோம். சேமித்து வைக்கச் சொன்னவர்கள், நல்ல ஆண்டிலேயே குறைவாக உண்ணவும் சொன்னார்கள். காடம்பாறை போன்ற நிலையங்களும் பெரிய பேட்டரிகளும் இன்னும் வர வேண்டும். அவை அரசும் தொழில்துறையும் செய்ய வேண்டிய வேலை. தேவையைக் குறைப்பது நம் கையில் இருக்கிறது. ஆள் இல்லாத அறையில் சுற்றும் மின்விசிறியையும், தொழுகை முடிந்த பின்னும் எரியும் பள்ளி விளக்குகளையும் அணைப்பதற்கு மானியமும் வேண்டாம், தொழில்நுட்பமும் வேண்டாம். உண்ணுங்கள், பருகுங்கள், வீண்விரயம் செய்யாதீர்கள் என்ற கருத்தில் அமைந்த இறைக்கட்டளை (7:31) மின்சாரத்துக்கும் பொருந்தும் என்பதைப் பிள்ளைகளுக்கு மின்கட்டணச் சீட்டைக் காட்டியே சொல்லிக் கொடுக்கலாம்.

அருட்கொடைகளை அமானிதமாகக் கருதிக் காக்கும் மக்களாக நம் அனைவரையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக.